எழாத கணினியை எழுப்புதல்

(நம் சங்க மண்டபத்தில் வாலிபர் பகுதியினரின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பென் டிறைவ் ஒன்றிலிருந்து கணினிக்கு இயங்குதளம் ஏற்றும்போது உண்டாகும் கோளாறுகளையும் அவற்றுக்கான பரிகாரங்களையும் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். இத்தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர் சிலர், ‘இது பொடியன்மாருக்குரிய சங்கதி, நமக்கு இதில் என்ன இருக்கிறது?’ என்று எண்ணக்கூடும். அவர்களிடம் ஒரு வார்த்தை. தங்கள் ஓய்வூதியக் கடிதங்களும், கடல்கடந்த பிள்ளைகள் அனுப்பிய பேரப்பிள்ளைகளின் படங்களும் இன்று எந்தப் பெட்டிக்குள் இருக்கின்றனவோ, அந்தப் பெட்டியைப் பழுது பார்ப்பவர் கையில்தான் அவற்றின் ஆயுளும் இருக்கிறது. ஆகையால் என் பேச்சின் பிற்பகுதி தங்களுக்கே உரியது.

நம் மண்டபத்தின் பின்னறையில் பழைய கணினிகள் 11 அடுக்கி வைக்கப்பட்டிருப்பதை யாவரும் அறிவீர்கள். கொழும்பிலுள்ள அலுவலகம் ஒன்று கழித்துவிட்டவை அவை. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நம் வார இறுதி வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுப்பதென்று தீர்மானம் நிறைவேற்றியாயிற்று. தீர்மானம் நிறைவேறி மூன்று மாதமாயிற்று. கணினிகள்தாம் இன்னும் எழவில்லை. ‘இவை பழசு, இனி உதவா’ என்று சொன்னவர்களும் உண்டு. அது சரியன்று என்பதே என் கட்சி.

அவற்றில் இருந்தது விண்டோஸ் 10. அந்த இயங்குதளம் 2015 ஜூலையில் வெளிவந்தது. 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11ஐ ஏற்றலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலியும் வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். நம் 11 பெட்டிகளில் ஒன்றேனும் இந்த விதிக்குள் அடங்காது. விதியைத் தாண்டி ஏற்றும் உபாயங்கள் உண்டு. ஆனால் அவ்விதம் ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வருமென்று மைக்ரோசொஃப்ட் உறுதி கூறவில்லை. பிள்ளைகளின் வகுப்புக்கு அத்தகைய நிச்சயமில்லாத ஏற்பாடு வேண்டாம்.

புதியது வாங்கலாமே என்பீர்கள். 2022இன் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவையும் கடந்ததை நாம் மறந்துவிடவில்லை. அன்றிலிருந்து புதிய கணினி என்பது தோட்டத்துக் குடும்பம் ஒன்றினால் நினைத்தும் பார்க்க முடியாத பொருளாகிவிட்டது. இயந்திரம் நன்றாயிருக்கிறது, மென்பொருளே வயது முதிர்ந்தது என்றால், மென்பொருளை மாற்றுவதுதானே முறை?

எனவே லினக்ஸ். 1991இல் பின்லாந்து தேசத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது, இலவசம், யாரும் கொப்பி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், சட்டத்துக்கு விரோதமன்று. கேரளத்து அரசாங்கப் பாடசாலைகளில் பல்லாண்டுகளாக இதைக்கொண்டே கற்பிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011இல் மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் சேர்த்து ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்ஸும் ஏற்றிக் கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? இந்த மண்டபத்தின் யன்னலைத் திறந்தால் தெரிகிறதே ஹந்தானை மலை, அதன் பெயரைத் தாங்கி ‘ஹந்தான லினக்ஸ்’ என்ற ஒன்று 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் நாட்டவராலேயே ஃபெடோரா லினக்ஸை அடிப்படையாக வைத்துத் தொகுக்கப்பட்டு வெளிவந்தது. அதன் பழைய டி.வி.டி. யாரிடமாவது இருந்தால் நினைவுப் பொருளாக வைத்திருங்கள், ஏற்ற வேண்டாம். ஃபெடோராவின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பராமரிப்பு ஏறக்குறைய 13 மாதங்கள்தான். நமது பெட்டிகளுக்கு 4 ஜி.பி. நினைவகத்தில் இலகுவாக ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட் போதும். ரெங்கநாதன் விசைப்பலகை முறையில் பழகியவர்கள் அதிலும் அம்முறையிலேயே தமிழ் எழுதலாம் என்பதை நம் தட்டெழுத்தாளர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். கணினி எழுவதை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்கிறார்கள். சப்பாத்தின் பின்புறத்து வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற வேடிக்கையான பேச்சிலிருந்து வந்த சொல் அது. ஆழ்ந்து நோக்கினால் வேடிக்கையன்று. மின்சாரம் கொடுத்த கணத்தில் கணினிக்கு ஒன்றும் தெரியாது. எந்தக் கோப்பையும் வாசிக்க இயங்குதளம் வேண்டும். இயங்குதளமோ கோப்பாகத்தான் இருக்கிறது. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கென்றே மதர்போட்டில் ஒரு சிறு நிரல் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. பழைய வகைக்கு பயோஸ் என்று பெயர்; 1981இல் ஐ.பி.எம். கணினியோடு புகழ்பெற்றது. புதிய வகைக்கு யூ.ஈ.எஃப்.ஐ. என்று பெயர்.

இரண்டும் வாசலைத் தேடும் விதம் வேறு. பயோஸ், பென் டிறைவின் முதலாவது 512 பைட்டுகளை மாத்திரம் எடுத்து, அதன் கடைசியில் உரிய அடையாளம் இருந்தால் அதையே ஓட்டிவிடும். யூ.ஈ.எஃப்.ஐ. அப்படியன்று. அது எஃப்.ஏ.டி. முறையில் அமைந்த பகுதியைத் தேடி, அதற்குள் ‘ஈ.எஃப்.ஐ.’ என்ற கோப்புறை, அதற்குள் ‘பூட்’ என்ற கோப்புறை, அதற்குள் குறித்த பெயருடைய ஒரு கோப்பு என்று படிப்படியாகப் போய்ப் பார்க்கும். இந்த வித்தியாசத்தை மனத்தில் இருத்திக்கொண்டவருக்குப் பாதிக் கோளாறு விளங்கிவிடும்.

நம் பொடியன்மார் பலர் இடறுகிற முதற்படி இதுதான். டவுன்லோட் செய்த ஐ.எஸ்.ஓ. கோப்பை, சினிமாப் படத்தைக் கொப்பி பண்ணுவதுபோல் பென் டிறைவுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, ‘அண்ணை, எழும்பவில்லை’ என்று வந்து நிற்கிறார்கள். எழும்பாதுதான். பூட்டிய பெட்டியொன்றை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்ததனால் வீட்டுக்கு வாசற்கதவு உண்டாகுமா? ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு முழுத் தட்டின் நகல். அதைப் பிரித்து உரிய இடங்களில் எழுத வேண்டும். அதற்கென விண்டோஸில் ரூஃபஸ், எந்தத் தளத்திலும் பலீனா எட்சர் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வென்டோய் என்று வேறொன்றும் உண்டு. அதைப் பென் டிறைவில் ஒருமுறை நிறுவிவிட்டால், அதன்பின் ஐ.எஸ்.ஓ. கோப்புகளைச் சும்மா கொப்பி பண்ணினாலே போதும். எழும்போது எது வேண்டுமென்று பட்டியல் காட்டிக் கேட்கும். 11 கணினிகளுக்கு வேலை செய்யப் போகிற நமக்கு அதுவே வசதியென்பது என் அபிப்பிராயம்.

எழுதுவதற்கு முன் கோப்பு பழுதற்றதா என்று பார்த்தல் அவசியம். மின்ட் ஏறக்குறைய 3 ஜி.பி., விண்டோஸ் 11 ஐந்துக்கும் மேல். இரவு நேர டேட்டாவை நம்பி நள்ளிரவுக்குப் பின் இறக்குகிறோம். மழைக்கு லைன் அறுந்துபோகிறது. விடியற்காலையில் பார்த்தால் கோப்பு இருக்கிறது, ஆனால் குறைப்பிரசவம். இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஐ.எஸ்.ஓ.வுக்கும் 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட எஸ்.எச்.ஏ.-256 என்ற கைரேகையை வெளியீட்டாளரே தருகிறார். நம் கோப்பின் கைரேகையைக் கணினியைக்கொண்டே கணித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் கோப்பு கெட்டதென்று கொள்க. டொரென்ட் வழியாக இறக்கினால் அறுந்த இடத்திலிருந்து தொடரும், துண்டு துண்டாகத் தானே சரிபார்த்தும் கொள்ளும். தோட்டப்புறத்து இணைப்புக்கு அதுவே உகந்தது.

பென் டிறைவைப் பற்றியும் ஒரு சொல். 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நிறுவனமொன்று இதனைத் ‘தம்ப் டிறைவ்’ என்று கட்டைவிரலின் பெயரால் விற்கத் தொடங்கியபோது அதன் கொள்ளளவு சில மெகாபைட்டுகள்தாம். இன்று சந்தையில் ‘இரண்டு டெராபைட், சில நூறு ரூபா’ என்று விற்கிறார்கள். அவ்வளவு மலிவாகக் கிடைத்தால் அது போலி. உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜி.பி.; கணினிக்கு மாத்திரம் பொய்க் கணக்குக் காட்டும்படி செய்திருப்பார்கள். எழுதும்போது எல்லாம் நன்றாகவே நடக்கும். வாசிக்கும்போதுதான் பாதியில் கழுத்தறுக்கும். எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் சோதனை மென்பொருள்கள் இறுதிவரை எழுதி, திரும்ப வாசித்து, உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, எழுதி முடித்து, செருகி, கணினியைப் போட்டாயிற்று. எழவில்லை. அப்போது உடனே வேறு மென்பொருளைத் தேடி ஓடாமல், எந்த இடத்தில் நின்றது என்று பார்ப்பதே வைத்தியம். நோயாளிக்குக் காய்ச்சலா வயிற்றுவலியா என்று கேளாமல் எந்த வைத்தியர் மருந்து கொடுப்பார்?

பென் டிறைவின் பெயரே பட்டியலில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கணினி எழும்போது ஒரு சாவியைத் தட்டினால் எதிலிருந்து எழுவதென்ற பட்டியல் வரும். டெல், லெனோவோ வகைகளில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. அதில் காணவில்லையென்றால் முதலில் துவாரத்தை மாற்றுங்கள். மேசைக் கணினியில் முன்பக்கத்துத் துவாரங்கள் நீண்ட வயரின் முனையில் இருப்பவை, பலவீனமானவை. பின்பக்கத்தில் மதர்போட்டோடு ஒட்டியிருப்பதில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் 10 இருந்த கணினியென்றால் இன்னொரு சூட்சுமம். அதை ‘ஷட் டவுன்’ செய்தால் முழுக்க அணைவதில்லை, அரைத்தூக்கத்துக்குப் போகிறது. ஆகவே சில கணினிகள் எழும்போது புதிய சாமானைத் தேடாமலே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துச் சாவியைத் தட்டினால் சரியாகிவிடும்.

பட்டியலில் ஒரே பென் டிறைவ் இரண்டு தடவை வருவதுமுண்டு. ஒன்றின் முன்னால் ‘யூ.ஈ.எஃப்.ஐ.’ என்றிருக்கும், மற்றதில் இராது. மேலே சொன்ன இரண்டு வாசல்கள்தாம் இவை. ஒன்றில் எழாவிட்டால் மற்றதில் எழும். கறுப்புத் திரையும் கண்சிமிட்டும் கோடும் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் வாசல் மாறிவிட்டதென்றே கொள்ளலாம். கையொப்பம் பொருந்தவில்லை என்று பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் அது ‘செக்யூர் பூட்’ என்னும் காவற்காரன் தடுத்தது. மின்ட், உபுண்டு முதலியவை அந்தக் காவற்காரனுக்கு அறிமுகமானவை. அறிமுகமில்லாதவற்றுக்குத் தற்காலிகமாக அதை நிறுத்தவேண்டி வரும்.

‘இந்தக் கேர்னலுக்கு 64 பிட் செயலி வேண்டும்’ என்ற பொருளில் செய்தி வந்தால் அதற்குப் பரிகாரம் கிடையாது. அந்தக் கணினி 32 பிட். உபுண்டு அவ்வகைக்கு எப்போதோ கதவடைத்துவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13உம் அதற்கு நிறுவி தருவதை நிறுத்திற்று. நம் பெட்டிகளில் அப்படி ஒன்றுமில்லை, பார்த்துவிட்டேன்.

எழத் தொடங்கிப் பாதியில் நிற்பது மூன்றாவது வகை. கெட்ட ஐ.எஸ்.ஓ., போலிப் பென் டிறைவ், இரண்டுமில்லையேல் நினைவகப் பலகை. நம் ஊர்க் குளிரும் ஈரமும் அந்தப் பலகையின் பொன்னிறப் பற்களில் களிம்பேற்றிவிடும். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, பலகையை வெளியே எடுத்து, பென்சில் அழிறப்பரால் மெல்லத் துடைத்து மறுபடி அழுத்தி மாட்டினால் ‘செத்துவிட்டது’ என்று எழுதி ஒட்டியிருந்த எத்தனையோ பெட்டிகள் பேசியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் திகதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? மதர்போட்டிலுள்ள சி.ஆர்.2032 என்னும் காசு வடிவப் பற்றரி தீர்ந்துவிட்டது. கடையில் சில நூறு ரூபா. அது தீர்ந்தால் நீங்கள் ஒழுங்குபடுத்திய எழும் வரிசையையும் கணினி மறந்துவிடும்.

விண்டோஸ் நிறுவும்போது வரும் ‘மீடியா டிறைவர் ஒன்று காணப்படவில்லை’ என்ற செய்தியைக் கண்டு ஏமாறாதீர்கள். எந்த டிறைவரும் காணாமற் போயிராது. பென் டிறைவைச் சரியாக வாசிக்க முடியவில்லை என்பதே அநேகமாக அதன் பொருள், யூ.எஸ்.பி. 3 துவாரத்திலிருந்து 2க்கு மாற்றினாலோ, மறுபடி எழுதினாலோ மறையும். ஆனால் நிறுவும் இடத்தில் ஹார்ட் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் அது வேறு நோய். இன்டெல்லின் பதினோராம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான மடிக்கணினிகள் பலவற்றில் வி.எம்.டி. என்ற அமைப்புக் குறுக்கே நிற்கும். அதற்குரிய டிறைவரை இன்னொரு கோப்புறையில் வைத்து ஊட்ட வேண்டும்.

இனிப் பெரியோர்களுக்கென்று நான் ஒதுக்கிவைத்த பகுதி. விண்டோஸ் நிறுவும்போது, ‘இந்தத் தட்டு எம்.பி.ஆர். முறையில் உள்ளது, இதில் நிறுவ முடியாது’ என்று ஒரு தடை வருவதுண்டு. அதைக் கண்டதும் அவசரக்காரர் என்ன செய்கிறார்? எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டு மேற்கொண்டு போகிறார். புசல்லாவையில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அப்பகுதித் தோட்டங்களின் கோவில்களையும், முதியவர்கள் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் பல வருடங்களாகத் திரட்டித் தம் கணினியில் எழுதிவைத்திருந்தார். கணினி எழவில்லையென்று ஒரு கடையில் கொடுத்தார். திரும்பி வந்தபோது அது புதிதுபோல் எழுந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பாடிய கிழவிகளில் இன்று உயிரோடிருப்பவர் எவருமில்லை.

அந்தத் தடைக்கு அழித்தல் அவசியமேயில்லை என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். தட்டு பழைய முறையில் இருக்க, பென் டிறைவ் புதிய வாசலால் எழுந்துவிட்டது, அவ்வளவுதான். கணினியை மீண்டும் போட்டு, பட்டியலில் ‘யூ.ஈ.எஃப்.ஐ.’ இல்லாத பெயரைத் தெரிந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அதற்கும் முன்னால், லினக்ஸ் பென் டிறைவால் கணினியை எழுப்பி, எதையும் நிறுவாமலே, உள்ளிருக்கும் கோப்புகளை இன்னொரு தட்டுக்குக் கொப்பி எடுத்திருக்கலாம். மின்ட் முதலில் எழுவது அந்தப் பரீட்சார்த்த நிலையில்தான்; நாம் ‘நிறுவு’ என்று சொல்லும்வரை ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்காது.

அழிந்தே போயிற்றென்றாலும் உடனே கணினியை நிறுத்தி, அதில் வேறொன்றும் எழுதாமல் விட்டால், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்னும் மென்பொருள்களால் ஓரளவு மீட்கலாம். இது பழைய சுழலும் தட்டுக்குப் பொருந்தும். எஸ்.எஸ்.டி. என்றால் அழித்த இடத்தை அதுவே சீக்கிரம் துப்புரவாக்கிவிடுவதால் நம்பிக்கை மிகக் குறைவு.

புதிய மடிக்கணினி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11 பல கணினிகளில் கேளாமலே தட்டைப் பூட்டிவைக்கிறது, பிட்லொக்கர் என்பார்கள். செக்யூர் பூட்டை மாற்றினால் அது சந்தேகித்து 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் கடைக்காரப் பையன் என்றால், அவர் இப்போது கட்டாரில் இருந்தால், யாரிடம் கேட்பது? இன்றே வீட்டுக்குப் போய் அந்த இலக்கங்களைக் காகிதத்தில் எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள், ஐயா.

நிறுவி முடிந்தபின் முதல் வரவேற்புத் திரையே திரும்பத் திரும்ப வருகிறதென்று சில தங்கைமார் முறையிட்டார்கள். பென் டிறைவைக் கழற்றிவிடுங்கள், அவ்வளவே.

வேலை முடிந்த பென் டிறைவை விண்டோஸில் செருகினால், ‘ஃபோர்மட் செய்யவா?’ என்று கேட்கும், அல்லது 32 ஜி.பி. இருந்த இடத்தில் சில மெகாபைட்டுகளையே காட்டும். கெட்டுவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். டிஸ்க்பார்ட் என்ற கட்டளையால் முழுக்கத் துடைத்துப் புதிதாக ஃபோர்மட் செய்தால் பழைய கொள்ளளவு திரும்பிவிடும். ஆனால் அங்கே தட்டுகளுக்குப் பெயரில்லை, இலக்கந்தான். பூச்சியம் என்பது அநேகமாகக் கணினியின் சொந்தத் தட்டு. கொள்ளளவைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரையும் பார்க்கச் சொல்லி, அதன்பிறகு ‘கிளீன்’ என்று அடியுங்கள். பின்னறை வேலைக்கு எப்போதும் இருவராக வரவேண்டுமென்று செயலாளர் விதித்திருப்பது அதற்காகத்தான்.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பின்னறை திறந்திருக்கும். வருபவர்கள் 8 ஜி.பி.க்குக் குறையாத பென் டிறைவ் ஒன்றும், அழிறப்பரும், சிறிய திருப்புளியும் கொண்டுவரவும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பதற வேண்டியதில்லை. மறுபடி முதலிலிருந்து எழுதினால் போதும். நிறுவிக்கொண்டிருக்கும்போது போவதுதான் தொல்லை. ஆகையால் யூ.பி.எஸ். வைத்திருப்பவர்கள் ஒருநாள் இரவல் தந்துதவினால் உபகாரமாயிருக்கும். பற்றரிகளுக்கான செலவைப் பொருளாளர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.